படத்தில் வராத கிளை: பித்தப்பை அறுவையின்போது எடுத்த ஒரு கோலஞ்சியோகிராம்

நோயாளிக்கு 57 வயது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. ஏழெட்டு மாதமாகவே சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் வலி வந்து வந்து போயிருக்கிறது. கேஸ் தொந்தரவு என்று நினைத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்திருக்கிறார். எங்களிடம் வந்த அன்று வலி வலது விலாவுக்குக் கீழே நிலைகொண்டு, முதுகுப்பக்கம் தோள்பட்டை வரை ஏறியிருந்தது. இரண்டு முறை வாந்தி. காய்ச்சல் இல்லை. கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தெரிந்தது. அதை முதலில் கவனித்துச் சொன்னது அவருடைய மகள்தான்.

இரத்தப் பரிசோதனையில், கண்ணில் மஞ்சள் ஏற்றும் நிறமியான பிலிருபின் 2.2. ஈரல் நொதிகளான அல்கலைன் பாஸ்பட்டேஸும் எஸ்ஜிபிடியும் கூடியிருந்தன. கணைய நொதியான லைபேஸ் சரியாக இருந்ததால் கணைய அழற்சி இல்லை என்று எடுத்துக்கொண்டோம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பித்தப்பை நிறையச் சிறு கற்கள், 3 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை. பொதுப் பித்தக் குழாயின் அகலம் 7 மி.மீ. அந்தக் குழாயின் கீழ்முனையைக் குடலில் இருந்த காற்று மறைத்துவிட்டது. அங்கே கல் இருக்கிறதா இல்லையா என்று ஸ்கேன் எடுத்தவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்த நோயில் சிறு கற்களைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். பெரிய கல் பித்தப்பைக்குள்ளேயே கிடந்து வலி கொடுக்கும். 4 மி.மீ. கல்லோ நழுவிக் குழாய்க்குள் இறங்கிவிடும். இறங்கினால் மஞ்சள் காமாலை வரலாம், பித்தக் குழாயில் சீழ் பிடிக்கலாம், கணையம் வீங்கலாம். பித்தப்பைக் கல்லுக்காக அறுவைக்கு வருகிறவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 முதல் 20 பேருக்குக் குழாயிலும் கல் இருக்கும். இவருக்கு வயது 55ஐத் தாண்டியிருந்தது, ஈரல் பரிசோதனைகள் சரியில்லை, குழாய் சற்று விரிந்திருந்தது. ஆனால் கல்லை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, பிலிருபின் 4ஐத் தாண்டவில்லை, சீழ் பிடித்ததற்கான அறிகுறியும் இல்லை. இப்படிப்பட்டவர்களை 'நடுத்தர வாய்ப்பு' உள்ளவர்கள் என்று வகைப்படுத்துவார்கள்.

நேரே ஈஆர்சிபிக்கு அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாய்வழியாகக் கேமராவை இறக்கி, குழாயின் வாயில் நுழைந்து கல்லை எடுக்கும் அந்தச் சிகிச்சை அருமையான சிகிச்சை, கல் இருப்பது தெரிந்தால். இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் அதைச் செய்வது சரியல்ல. செய்துகொள்கிறவர்களில் ஒரு பங்கினருக்கு அதனாலேயே கணைய அழற்சி வருகிறது, சிலருக்குக் கடுமையாகவே வருகிறது. நடுத்தர வாய்ப்பு உள்ளவர்களுக்கு எம்ஆர்சிபி ஸ்கேன் (பித்தக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ) எடுக்கலாம், எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் செய்யலாம், அல்லது அறுவை நடக்கும்போதே குழாய்க்குள் எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கலாம்; கோலஞ்சியோகிராம் என்பது இந்தப் படம்தான். மூன்றும் ஏற்கத்தக்க வழிகள்தான். எங்கள் மருத்துவமனையில் எம்ஆர்ஐ இல்லை, அறுவை மேசைக்கே கொண்டுவரக்கூடிய சி-ஆர்ம் எக்ஸ்ரே இருக்கிறது. மூன்றாம் நாள் வலி அடங்கி, பிலிருபின் 1.3க்கு இறங்கியது. கல் தானாக வெளியே போயிருக்கலாம் என்று தோன்றியது. பித்தப்பையைச் சிறு துளைகள் வழியாக, லேப்ராஸ்கோப்பி முறையில் எடுப்பது, எடுக்கும்போதே கோலஞ்சியோகிராம் பார்ப்பது, கல் தெரிந்தால் அதற்கேற்ப முடிவெடுப்பது என்று தீர்மானித்தோம்.

"ஆபரேஷன் பண்ணும்போதே எக்ஸ்ரேவா டாக்டர்? அம்மாவுக்கு மருந்து ஒத்துக்காம போயிடாதே?" என்று மகள் கேட்டார். நியாயமான கேள்வி. அயோடின் கலந்த மருந்து என்பதால் முன்பு சிடி ஸ்கேன் எடுத்தபோது அரிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம், இல்லை. மருந்து இரத்தத்துக்குள் ஏற்றப்படுவதில்லை, பித்தக் குழாய்க்குள்தான் போகிறது, குடல் வழியாக வெளியேறிவிடும் என்று விளக்கியதும் இருவரும் சம்மதித்தார்கள்.

குழாய்களின் அமைப்பு

இந்த நிகழ்வின் முடிச்சு குழாய்கள் சேரும் விதத்தில் இருப்பதால் அதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

கல்லீரலை எட்டுப் பிரிவுகளாக எண்ணுவார்கள். கல்லீரலின் இடப்பக்கப் பித்தம் இடது குழாய் வழியாக வருகிறது. வலப்பக்கத்தில் இரண்டு கிளைகள்: முன்பகுதியிலிருந்து, அதாவது 5, 8ஆம் பிரிவுகளிலிருந்து, ஒன்று; பின்பகுதியிலிருந்து, அதாவது 6, 7ஆம் பிரிவுகளிலிருந்து, ஒன்று. வழக்கமாக வலது முன், வலது பின் இரண்டும் சேர்ந்து வலது குழாய் ஆகும். வலதும் இடதும் சேர்ந்து பொதுக் கல்லீரல் குழாய். அதன் பக்கவாட்டில் பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாய் வந்து சேரும். அந்த இடத்துக்குக் கீழே உள்ளதுதான் பொதுப் பித்தக் குழாய். பித்தப்பையை எடுக்கும்போது வெட்ட வேண்டியவை இரண்டே இரண்டு: பித்தப்பைக் குழாய், பித்தப்பைக்குப் போகும் தமனி.

பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். ஆனால் பலருக்கு இப்படி இருப்பதில்லை. மாறுபாடுகளில் அறுவை மருத்துவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது வலது பின் கிளையைத்தான். அது தாழ்வாக இறங்கிப் பொதுக் கல்லீரல் குழாயில் தனியாகச் சேரும். இடது குழாயில் போய்ச் சேரும். அரிதாகச் சிலருக்குப் பித்தப்பைக் குழாயிலேயே வந்து சேரும். கிளை வாய்க்கால் ஆற்றுக்குப் போகாமல் வழியில் இருக்கும் ஒரு மடையில் கலப்பது மாதிரி. மடை தேவையில்லை என்று அடைத்தால், வாய்க்காலும் அடைபட்டுப் போகும்.

மேசையில்

வழக்கம்போல நான்கு துளைகள். வயிற்றுக்குள் வாயு அழுத்தம் 12 மி.மீ. பாதரசம். பித்தப்பையின் சுவர் தடித்திருந்தது, கொழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் மோசமில்லை. பித்தப்பையின் உச்சியை வலது தோளின் திசையில் தூக்கி, கழுத்தை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டோம். கல்லீரலின் அடிப்பக்கத்தில் இருக்கும் ரூவியேர் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து 4ஆம் பிரிவின் அடிவரை ஒரு கோடு இருப்பதாக மனதில் வரைந்து, அதற்குக் கீழே ஹூக்கை (திசுவைப் பிரிக்கும் கொக்கி முனைக் கருவியை) கொண்டுபோவதில்லை என்பதை நாங்கள் ஒரு கட்டாயமாகவே வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் பணிபுரிந்த ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் வலியுறுத்திய மூன்று நிபந்தனைகள் இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகின்றன. பித்தப்பைக் குழாய், பொதுக் கல்லீரல் குழாய், கல்லீரலின் அடிப்பக்கம் இவற்றுக்கு நடுவே உள்ள கேலோ முக்கோணத்தில் இருக்கும் கொழுப்பையும் நாரையும் முழுக்க நீக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரலிலிருந்து பிரித்துவிட வேண்டும். அதன் பிறகு பித்தப்பைக்குள் நுழைவன இரண்டே அமைப்புகள் என்று முன்னிருந்தும் பின்னிருந்தும் பார்க்க முடிய வேண்டும். மூன்றும் கிடைத்தால்தான் கிளிப். எங்களுக்கு மூன்றும் கிடைத்தன. அதைக் கேமராவில் பதிவும் செய்துகொண்டோம்.

பித்தப்பையை ஒட்டி ஒரு கிளிப் போட்டு, அதற்குச் சற்றுக் கீழே பித்தப்பைக் குழாயின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கத்தரியால் திறந்தோம். திறந்ததும் அவசரப்பட்டுக் கதீட்டரை (மருந்து செலுத்தும் மெல்லிய குழாயை) விடக்கூடாது. குழாயை மெதுவாகப் பிடித்து, கீழிருந்து வெட்டை நோக்கி வழித்து விட வேண்டும். உள்ளே ஏதாவது கல் இருந்தால் வெளியே வந்துவிடும். இவருக்கு மணல் மாதிரித் துகள்கள் கொஞ்சம் வந்தன, பிறகு தெளிந்த பித்தம் வந்தது. சிறுநீர்க் குழாய்க்குப் பயன்படும் 5 பிரெஞ்ச் அளவுள்ள (சுமார் 1.7 மி.மீ. தடிமன்) யூரிட்டரிக் கதீட்டரை உள்ளே நுழைத்து, நழுவாமல் இருக்க மேலே ஒரு கிளிப்பைப் பாதி அழுத்தி வைத்தோம். இதற்கென்றே விற்கும் பிடிப்பான்கள் இல்லாத இடங்களில் இந்தக் கதீட்டரோ, குழந்தைகளுக்குப் பால் ஏற்றும் சின்னக் குழாயோ போதும். வேலை நன்றாகவே நடக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது: காற்றுக்குமிழி. கதீட்டரை நுழைக்கும் முன்பே சலைன் நிரப்பி, கடைசிக் குமிழி வரை வெளியேற்ற வேண்டும். படத்தில் குமிழியும் கல்லும் ஒன்றுபோலவே கறுப்புப் புள்ளியாகத் தெரியும். மேசையைச் சாய்த்துப் பார்த்தால் குமிழி மேலே மிதக்கும், கல் கீழே இறங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் சந்தேகத்தை நாமே உண்டாக்கிக்கொள்வானேன்?

கான்ட்ராஸ்ட் மருந்தைச் சலைனோடு சரிபாதி கலந்தோம். அடர்த்தியாகச் செலுத்தினால் சின்னக் கல் அந்த வெள்ளையில் மூழ்கி மறைந்துவிடும். உலோகக் கருவிகளைப் படத்தின் பரப்பிலிருந்து விலக்கி, தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையைச் சமமாக்கி, முதுகெலும்பின் நிழல் குழாயின் மேல் விழாதபடி சற்றே வலப்பக்கம் சாய்த்தோம். சி-ஆர்ம் உள்ளே வந்தது. எல்லோரும் ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டார்கள். மயக்க மருத்துவர் சில நொடிகள் மூச்சை நிறுத்திப் பிடித்துக்கொடுத்தார்.

முதல் படமும் இரண்டாவது படமும்

முதலில் 4 மி.லி. மட்டும். பொதுப் பித்தக் குழாய் கீழே வரை நிரம்பியது. கீழ்முனைக்குச் சற்று மேலே 3 மி.மீ. அளவில் ஒரு மங்கலான இடைவெளி. சிறுகுடலுக்குள் மருந்து இறங்கத் தாமதமானது. குழாயின் வாயில் இருக்கும் வால்வைத் தளர்த்தப் பஸ்கோபான் ஊசி கொடுத்துவிட்டு, சலைனைக் கொஞ்சம் வேகமாகச் செலுத்திக் கழுவினோம். மறுபடி மருந்து விட்டுப் பார்த்தபோது அந்த இடைவெளி இல்லை. மருந்து தடையில்லாமல் சிறுகுடலில் பரவியது. அது சிறு கல்லா, சேறா, வால்வின் இறுக்கமா என்பதைப் படத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. குழாய் சுத்தமாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லலாம்.

எந்தக் கேள்விக்காகப் படம் எடுத்தோமோ அதற்கு விடை கிடைத்துவிட்டது. பெரும்பாலான அறைகளில் இங்கேதான் கதீட்டர் வெளியே வரும். ஆனால் மேல்பக்கம் இன்னும் பார்க்கவில்லை. தலைப்பக்கத்தைத் தாழ்த்தி இன்னும் 10 மி.லி. செலுத்தச் சொன்னேன். கல்லீரலுக்குள் கிளைகள் ஒவ்வொன்றாக வெள்ளை பூத்தன. இடது குழாய் அழகாக நிரம்பியது. வலப்பக்கமும் ஒரு குழாய் மேல்நோக்கிப் பிரிந்து போனது. திரையில் பார்த்தால் முழுமையான மரம் மாதிரிதான் இருந்தது.

"சார், லெஃப்ட் வந்துடுச்சு, ரைட் வந்துடுச்சு. சேவ் பண்ணிடட்டுமா?" என்றார் எக்ஸ்ரே டெக்னீஷியன்.

"சேவ் பண்ணுங்க தம்பி, ஆனா மெஷினை எடுக்காதீங்க. ரைட்ல பின்னாடி போற கிளை வரலை" என்றேன்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பயிற்சி மருத்துவர்கள் கேட்பார்கள். வலது முன் கிளை படத்தில் செங்குத்தாக மேலே ஏறும். வலது பின் கிளை வெளிப்பக்கமாக, படுத்தவாக்கில் வளைந்து போகும். படத்தில் நோயாளியின் வலப்பக்கக் கீழ் ஓரம், அதாவது கல்லீரலின் 6ஆம் பிரிவு இருக்க வேண்டிய பரப்பு, வெறுமையாக இருந்தால் அந்தக் கிளை வரவில்லை என்று பொருள். நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது கல்லீரலிலேயே தாழ்வான பகுதி அதுதான். கான்ட்ராஸ்ட் பித்தத்தைவிடக் கனமானது, தாழ்வான இடத்துக்குத்தான் முதலில் ஓடும். இடது குழாய் முன்பக்கம் உயரத்தில் இருப்பதால் அது நிரம்பவில்லை என்றால் அழுத்தமோ அளவோ போதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உயரத்தில் இருக்கும் இடது நிரம்பிவிட்டு, பள்ளத்தில் இருக்கும் வலது பின் கிளை நிரம்பாமல் இருப்பதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அந்தக் கிளை இந்தக் குழாயோடு நாம் நினைத்த இடத்தில் சேரவில்லை என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

கதீட்டரின் முனை எங்கே இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அது பித்தப்பைக் குழாயைக் கடந்து பொதுக் குழாய்க்குள்ளேயே போயிருந்தது. அங்கிருந்து விடும் மருந்து கீழும் மேலும் போகுமே தவிர, பித்தப்பைக் குழாய்க்குள் பின்னோக்கி வர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கிளிப்பைத் தளர்த்தி, முனை வெட்டுக்கு மிக அருகில் வரும்வரை கதீட்டரைப் பின்னால் இழுத்து, மறுபடி கிளிப்பை மென்மையாக வைத்தோம். மீண்டும் மூச்சு நிறுத்தம். மெதுவாக 5 மி.லி.

இந்த முறை முதல் நொடியிலேயே தெரிந்தது. பித்தப்பைக் குழாயின் பாதித் தொலைவில், மேல் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, வெளிப்பக்கமாக வளைந்து, அதுவரை வெறுமையாக இருந்த அந்தப் பரப்பு முழுவதையும் நிரப்பியது. வலது பின் கிளை. அது சேரும் இடத்துக்கும் நாங்கள் போட்டிருந்த வெட்டுக்கும் இடையே ஏறக்குறைய 8 மி.மீ. இருந்தது.

கிளிப்பை எங்கே வைப்பது

மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகும் இந்தக் கிளை ஏன் கண்ணில் படவில்லை என்பது முக்கியமான கேள்வி. நிபந்தனைகளில் குறை இல்லை. அவை பித்தப்பையின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று காட்டுகின்றன. அந்த ஓரத்தில் இரண்டு அமைப்புகள்தான் இருந்தன, நாங்கள் பார்த்ததும் சரிதான். கிளை சேர்ந்த இடம் அதற்கும் உள்ளே, கொழுப்பு மூடியிருந்த பகுதியில். அங்கே போய்த் தோண்டக்கூடாது என்பதுதான் பாதுகாப்பின் விதியே.

ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. வழக்கமாகப் பித்தப்பைக் குழாயின் உடலோடு இருக்கும் பக்கத்தில் இரண்டு கிளிப் போடுவோம். ஒன்று வெட்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று அதற்கும் கீழே. 'பிடிப்புக்காக' அந்த இரண்டாவது கிளிப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பது பல கைகளில் ஊறிய பழக்கம். இவருக்கு அப்படி வைத்திருந்தால் அது கிளை சேரும் இடத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கல்லீரலின் இரண்டு பிரிவுகளுக்கு வடிகால் நின்றுபோயிருக்கும். ஸ்ட்ராஸ்பெர்க்கின் வகைப்பாட்டில் அது 'பி' வகைக் காயம். கிளையை மூடாமல் வெட்டிவிட்டால் 'சி' வகை.

'பி' வகையில் அன்று யாருக்கும் ஒன்றும் தெரியாது. நோயாளி மறுநாள் வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பகுதி மெல்லச் சுருங்கிப் போய்ச் சிலருக்குத் தொந்தரவே இல்லாமல் இருக்கலாம். சிலருக்கு வருடங்கள் கழித்துக் குளிர்காய்ச்சலும் வலியுமாக வரும். அப்போது பழைய அறுவையோடு அதை இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. 'சி' வகை இன்னும் கொடியது. வயிற்றுக்குள் பித்தம் கசியும், டியூபில் பச்சையாக வரும், ஈஆர்சிபி செய்து பார்த்தால் கசிவே தெரியாது. துண்டிக்கப்பட்ட கிளை பொதுக் குழாயோடு தொடர்பே இல்லாமல் நிற்பதால் மருந்து அதற்குள் போக வழியில்லை. 'குழாய் நன்றாக இருக்கிறது' என்று அறிக்கை வரும், நோயாளியோ வாடிக்கொண்டிருப்பார். அந்தப் படத்திலும் வராத கிளையைத்தான் தேட வேண்டும். இதைத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இல்லையென்றால் வாரக்கணக்கில் காலம் போய்விடும். இப்படி அலைந்து வந்த நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு படத்துக்காகச் செலவாகும் கால் மணி நேரம் பெரிதாகத் தெரியாது.

நாங்கள் செய்தது எளிய வேலைதான். வெட்டுக்குக் கீழே, கிளையை நெருங்காமல் வெட்டை ஒட்டியே ஒரே ஒரு கிளிப். இரண்டாவது கிளிப்புக்குப் பதில் அதன் அருகிலேயே 2-0 விக்ரில் நூலால் உள்ளேயே ஒரு முடிச்சு. இரண்டும் சேர்ந்து 4 மி.மீ.க்குள் அடங்கின. கிளை சேரும் இடம் வரை மிச்சத் தூரம் அப்படியே விடப்பட்டது. தமனியைத் தனியாகக் கிளிப் செய்து வெட்டினோம். பித்தப்பையைப் பிரித்து உறையில் போட்டு வெளியே எடுத்தோம். பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பரப்பில் வெள்ளைத் துணியை வைத்து ஒற்றிப் பார்த்ததில் பச்சைக் கறை இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று ஒரு டிரெய்ன் (வடிகால் குழாய்) வைத்தோம்.

எல்லோருக்கும் எடுக்க வேண்டுமா

இந்தக் கேள்வி தொண்ணூறு ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. பித்தப்பையை முதன்முதலில் எடுத்தவர் பெர்லினில் கார்ல் லாங்கன்புக், 1882இல். அறுவையின்போது பித்தக் குழாய்களைப் படம் எடுக்கும் முறையை 1930களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் பாப்லோ மிரிஸ்ஸி கொண்டுவந்தார். 1985இல் ஜெர்மனியின் போப்லிங்கனில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்தார். 1987இல் லியோன் நகரில் பிலிப் மூரே செய்த பிறகு அது காட்டுத்தீயாய்ப் பரவியது. இந்தியாவில் 1990இல் மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார்.

தழும்பு சிறியதானது, வலி குறைந்தது, மறுநாளே வீடு. ஆனால் திறந்த அறுவையில் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு நேர்ந்த பித்தக் குழாய்க் காயம் லேப்ராஸ்கோப்பியில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு என்று ஏறியது. சான் பிரான்சிஸ்கோவில் லாரன்ஸ் வேயும் குழுவினரும் இப்படிப்பட்ட 252 காயங்களை ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். அவற்றில் 97 சதவீதத்தில் அடிப்படைக் காரணம் கண்ணுக்கு ஏற்பட்ட மயக்கம்தான். பொதுக் குழாயைப் பித்தப்பைக் குழாய் என்று மூளை உறுதியாக நம்பிவிடுகிறது. கை நடுங்கி நேர்ந்தவை மிகச் சில. தாம் சரியாகத்தான் பார்க்கிறோம் என்று நம்பிக்கொண்டே வெட்டியிருக்கிறார்கள். எனக்கு இந்த ஆய்வுதான் படத்துக்கான வலுவான வாதம். கண் ஒன்றை நம்பும்போது, கண்ணைச் சாராத இன்னொரு சாட்சி வேண்டும்.

எண்ணிக்கைகள் அவ்வளவு நேராகப் பேசுவதில்லை. 2003இல் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளிலிருந்து 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைப் பார்த்த ஆய்வில், படம் எடுத்தவர்களில் 0.39 சதவீதம், எடுக்காதவர்களில் 0.58 சதவீதம் காயம். படம் பாதுகாக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். 2013இல் டெக்சாஸ் மாநிலத்தின் 92,932 நோயாளிகளை ஆராய்ந்தபோதும் மேலோட்டமான கணக்கில் 0.21க்கு 0.36 என்று வித்தியாசம் வந்தது. ஆனால் நோயாளிகள், மருத்துவர்கள், மருத்துவமனைகள் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுகளை வேறொரு புள்ளியியல் முறையில் சரிக்கட்டியதும் அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. படம் எடுக்கிறவர்கள் பொதுவாகவே கவனமானவர்களாக இருக்கலாம் அல்லவா? ஸ்வீடனில் பெரும்பாலான பித்தப்பை அறுவைகளில் இதை வழக்கமாகவே எடுக்கிறார்கள். வேறு பல நாடுகளில் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும்.

என் முடிவு இது. கேலோ முக்கோணம் தெளியவில்லை என்றாலும், ஈரல் பரிசோதனையிலோ குழாயின் அகலத்திலோ சந்தேகம் இருந்தாலும் கட்டாயம் எடுக்க வேண்டும். பயிற்சி நடக்கும் மருத்துவமனைகளில் எளிய நோயாளிகளுக்கும் எடுக்க வேண்டும். கடினமான நாளில்தான் முதன்முதலாகக் கதீட்டரைக் கையில் எடுப்பது என்று வைத்துக்கொண்டால், அன்றைக்குக் கதீட்டரும் நுழையாது, படமும் புரியாது. மேற்கண்ட ஆய்வுகள் எடுத்தார்களா இல்லையா என்றுதான் எண்ணின. எடுத்த படத்தை எப்படிப் படித்தார்கள் என்பதை எந்தக் கட்டணப் பதிவேடும் சொல்லாது. எங்கள் நோயாளியின் இரண்டாவது படத்தோடு நிறுத்தியிருந்தால், பதிவேட்டில் 'படம் எடுக்கப்பட்டது, குழாயில் கல் இல்லை' என்றே இருந்திருக்கும்.

இப்போது இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைப் பற்றி எல்லா மாநாடுகளிலும் பேசுகிறார்கள். நரம்பில் 2.5 மி.கி. போல ஏற்றினால் கல்லீரல் அதை எடுத்துப் பித்தத்தில் கழிக்கும். அகச்சிவப்புக்கு அருகான ஒளியில் பித்தக் குழாய்கள் பச்சையாக ஒளிரும். கதிர்வீச்சு இல்லை, குழாயைத் திறக்க வேண்டியதில்லை, ஹூக்கை எடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். இதை நான் வரவேற்கிறேன். வசதி இருக்கும் இடங்களில் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம். ஆனால் அந்த ஒளி சில மில்லிமீட்டர் ஆழத்துக்குமேல் ஊடுருவாது. கொழுப்பும் வீக்கமும் கனமாக இருந்தால் மங்கிவிடும், கல்லைக் காட்டாது, கல்லீரலுக்குள் இருக்கும் கிளைகளைக் காட்டாது. எங்கள் நோயாளிக்கு அது இருந்திருந்தால் கிளை சேரும் இடம் தெரிந்திருக்கவும் கூடும், மேலே மூடியிருந்த கொழுப்பில் மறைந்திருக்கவும் கூடும். முன்கூட்டியே எம்ஆர்சிபி எடுத்திருந்தால் இந்த அமைப்பு அதிலேயே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு

மறுநாள் டிரெய்னில் பித்தம் இல்லை, எடுத்துவிட்டோம். அன்று மாலை இட்லி சாப்பிட்டார். திசுப் பரிசோதனையில் நாள்பட்ட பித்தப்பை அழற்சி, புற்று இல்லை. மூன்று மாதம் கழித்துச் செய்த ஈரல் பரிசோதனைகள் எல்லாம் இயல்பு. ஸ்கேனில் வலது பின்பகுதிக் குழாய்கள் விரியவில்லை.

அறுவைக் குறிப்பில் நான்கு விஷயங்களைத் தனித்தனி வரியாக எழுதினோம்: வலது பின் கிளை பித்தப்பைக் குழாயில் சேர்கிறது என்பது, சேரும் இடத்துக்கும் கட்டுக்கும் உள்ள தூரம், போட்ட கிளிப்பும் நூலும் எவை என்பது, ஒவ்வொரு முறை மருந்து விட்டபோதும் எது நிரம்பியது எது நிரம்பவில்லை என்பது. கடைசிப் படத்தின் பிரதி ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து மகளிடம் கொடுத்தோம். அம்மாவுக்கு எப்போதாவது மஞ்சள் காமாலையோ குளிர்காய்ச்சலோ வந்தாலும், வயிற்றில் வேறு எந்த அறுவை நடக்க இருந்தாலும், போகிற இடத்தில் இந்தப் படத்தை முதலில் காட்டச் சொன்னோம்.